லேயாவின் வாரம்

கோஹர்: ...நிலவறைப் படியேறதுக்கு முன்னாடி எல்லாரும் ஒரு தடவை. தாவூஸ், நீதான் மூத்தவ, நீ ஆரம்பி. மேல உன் பேரு?

தாவூஸ்: தாவூஸ்.

கோஹர்: கீழ?

தாவூஸ்: ஹன்னா.

கோஹர்: மேல அவரு யாரு?

தாவூஸ்: இப்ராஹீம் நபி.

கோஹர்: கீழ?

தாவூஸ்: நம்ம அப்பா ஆபிரகாம்.

கோஹர்: மேல இன்னிக்கு என்ன நாளு?

தாவூஸ்: வெள்ளிக்கிழமை. வெறும் வெள்ளிக்கிழமை.

கோஹர்: கீழ?

தாவூஸ்: சபாத் வர்ற நாளு. பொழுது சாயறதுக்குள்ள விளக்கு ஏத்தணும். அதுக்கப்புறம் நாளைக்கு ராத்திரி வரைக்கும் நெருப்பைத் தொடக் கூடாது.

கோஹர்: ம். ஹபீப், இப்ப நீ. மேல உன் பேரு என்ன கண்ணு? ...ஹபீப்?

தாவூஸ்: தம்பி பேச மாட்டான்மா. நேத்து ஓதப்பள்ளியிலேருந்து வந்ததிலேருந்தே வாயைத் திறக்கல.

கோஹர்: முல்லா அடிச்சாரா?

தாவூஸ்: தெரியல. ...அம்மா.

கோஹர்: என்ன?

தாவூஸ்: இந்த வாரப் பாடத்தை சாரா சிரிச்சதோட நிறுத்திட்ட. மலைக்கதை சொல்லவே இல்ல.

கோஹர்: குர்பான் பெருநாளுக்கு இன்னும் ஆறே நாள். பெருநாளும் இந்தப் பாடமும் ஒண்ணா வந்து விழற வருஷம் சின்னப் பிள்ளைங்களுக்கு மலைக்கதை கிடையாது. உங்க தாத்தா காலத்துச் சட்டம்.

தாவூஸ்: ஏன்?

கோஹர்: மலை மேல படுத்த பிள்ளை அவங்க கதையில வேற, நம்ம கதையில வேற. சின்னதுங்க மேல போய் மாத்திச் சொல்லிட்டா இந்தத் தெருவுல ஒரு வீடு நிக்காது. இந்த யூதத் தெரு முழுக்க ஏன் ஒரே நாள்ல உயிருக்குப் பயந்து முஸ்லிம் ஆச்சுன்னு உனக்குச் சொல்லியிருக்கேன்ல?

தாவூஸ்: சொல்லியிருக்க.

கோஹர்: அப்புறம் ஏன் கேக்கற?

தாவூஸ்: சும்மா.

கோஹர்: மூஞ்சியப் பாத்தா சும்மா மாதிரி இல்லையே...

தாவூஸ்: அம்மா, கதவு!

கோஹர்: உஷ்ஷ்... யாரும் அசையாதீங்க. தாவூஸ், புத்தகத்தை மாவுப் பானைக்குள்ள இறக்கு. மேல துணி போடு. நான் போய்ப் பாக்கறேன். மேலேருந்து மூணு தடவை காலால தட்டுவேன். அது வரைக்கும் ஒரு சத்தம் வரக் கூடாது.

தாவூஸ்: யாரும்மா?

கோஹர்: யாரா இருந்தாலும்.

*

ரொபாபே: என்ன கோஹர் ஜான், என் கண்ணு, நீ கதவைத் திறக்கறதுக்குள்ள எனக்கு இன்னும் நாலு முடி நரைச்சிடுச்சு.

கோஹர்: வாங்க ரொபாபே கானும். மாவு பிசைஞ்சுக்கிட்டிருந்தேன், காதுல விழல.

ரொபாபே: கையில மாவைக் காணோம்?

கோஹர்: கழுவிட்டுத்தானே வந்தேன்.

ரொபாபே: கழுவின கை ஈரமால்ல இருக்கும்... சரி விடு. இந்தா, கத்தரிக்கா ஊறுகாய்.

கோஹர்: போன வாரம் குடுத்ததே பாதி ஜாடி இருக்கு. வாரா வாரம் ஒரு ஜாடி. அடுத்த வீட்டுக்கே இவ்வளவுன்னா உங்க வீட்ல எவ்வளவு இருக்கும்!

ரொபாபே: எங்க வீட்ல எனக்குன்னு இருக்கறது அந்த ஊறுகாய் அறை ஒண்ணுதான். மத்ததெல்லாம் என் சக்களத்தி எடுத்துக்கிட்டா. பன்னெண்டு வருஷம் மூத்த பெண்டாட்டியா இருந்து பாரு, நீயும் நல்லா ஊறுகாய் போடுவ.

கோஹர்: மலக் கானும் சௌக்கியமா?

ரொபாபே: அவளுக்கு என்ன? கண்ணுக்கு மை தீட்டிக்கிட்டு அவர் பக்கத்துல உக்காந்திருக்கா. நான் இங்க விடியற வரைக்கும் இருந்தாலும் அங்க யாரும் தேட மாட்டாங்க. ...இதையும் வச்சுக்க.

கோஹர்: என்ன குப்பி இது?

ரொபாபே: வாதுமை எண்ணெய்.

கோஹர்: எதுக்கு?

ரொபாபே: அப்புறம் சொல்றேன். முதல்ல டீ குடு.

கோஹர்: சமோவார் ஆறிப்போச்சு கானும். இன்னொரு நாள்...

ரொபாபே: ஆறினா பத்த வை. நெருப்பு வைக்க இன்னும் நேரம் இருக்குல்ல?

கோஹர்: நேரமா? ...என்ன நேரம்?

ரொபாபே: பொழுது இன்னும் சாயலையேன்னு சொன்னேன். ஏன் இப்படி முழிக்கற?

கோஹர்: ஒண்ணும் இல்ல. பத்த வைக்கறேன்.

ரொபாபே: வந்ததிலேருந்து பாக்கறேன், உன் கண்ணு முற்றத்துச் சுவர் நிழலையே பாக்குது. அங்க என்ன எழுதியிருக்கு?

கோஹர்: வீட்டுக்காரர் வர்ற நேரம்.

ரொபாபே: எங்க போயிருக்காரு?

கோஹர்: தொழுகைக்கு.

ரொபாபே: முன் வரிசையில நிப்பாரே.

கோஹர்: ஏன், நிக்கக் கூடாதா?

ரொபாபே: நிக்கட்டும். உங்க தெரு ஆம்பளைங்க எல்லாருமே எப்பவும் முன் வரிசைதான். அம்பது வருஷமா முன் வரிசையில நின்னும் ஊர் உங்களைப் 'புது முஸ்லிம்'னுதான் சொல்லுது. எப்பதான் பழசாவீங்களோ.

கோஹர்: ...சர்க்கரை?

ரொபாபே: ரெண்டு கட்டி. கீழ என்ன சத்தம்?

கோஹர்: எங்க?

ரொபாபே: நிலவறையில. யாரோ தும்மின மாதிரி.

கோஹர்: பூனை.

ரொபாபே: பூனை தும்முமா?

கோஹர்: எங்க பூனைக்கு ஜலதோஷம்.

ரொபாபே: உங்க தெருப் பூனைக்கு நோவே வராது ஜான். அவ்வளவு கொழுப்பு. பெருநாளைக்கு நான் கறி குடுத்தனுப்பறேன்... மறுநாள் பாத்தா ஊர்ப் பூனை பூரா உன் கூரையில மல்லாந்து கிடக்குது.

கோஹர்: நீங்க அனுப்பற கறிய நாங்கதான் சாப்பிடறோம்.

ரொபாபே: சரி. நீங்கதான்.

கோஹர்: எலும்பு போட்டிருப்போம்.

ரொபாபே: நான்தான் சரின்னுட்டேனே. ...உக்காரு, கோஹர். இப்படி நின்னுக்கிட்டே இருந்தா என்னால சொல்ல முடியாது.

கோஹர்: என்ன சொல்லணும்?

ரொபாபே: உன் ஹபீப் நேத்து ஓதப்பள்ளியில நடந்ததை உன்கிட்ட சொன்னானா?

கோஹர்: இல்ல. ஏன்? என்ன ஆச்சு?

ரொபாபே: மலக்கோட பையன் ஜாஃபர் அதே வகுப்புல இருக்கான்ல. வந்து அவ மடியில ஏறி உக்காந்துக்கிட்டு ஒண்ணு விடாம ஒப்பிச்சான். முல்லா பெருநாள் கதை சொல்லிக்கிட்டிருந்தாராம். இப்ராஹீம் நபி கத்தியோட மலைக்குப் போறாரு, பிள்ளையப் படுக்க வைக்கறாரு. 'எந்தப் பிள்ளை? யாரு சொல்வா?'ன்னு கேட்டாராம். உன் பையன் கையத் தூக்கியிருக்கான்.

கோஹர்: ஹபீபா? அவன் வகுப்புல வாயே திறக்க மாட்டான்.

ரொபாபே: நேத்து திறந்துட்டான்.

கோஹர்: ...என்ன சொன்னான்?

ரொபாபே: நீ சொல்லேன். என்ன சொல்லியிருப்பான்?

கோஹர்: இஸ்மாயில்னு சொல்லியிருப்பான். வேற என்ன சொல்வான்?

ரொபாபே: இஸ்ஹாக்னு சொல்லியிருக்கான். ...குவளை நிரம்பிடுச்சு, கோஹர். கையில ஊத்திக்கப் போற.

கோஹர்: ஆறு வயசுப் பிள்ளை கானும். ரெண்டு பேரும் ஒரே அப்பாவுக்குப் பிறந்தவங்க. பேரு மாறியிருக்கும்.

ரொபாபே: முல்லாவும் அப்படித்தான் நினைச்சாரு. 'தப்பு, யோசிச்சுச் சொல்லு'ன்னாராம்.

கோஹர்: அப்புறம் சரியாச் சொல்லிட்டான்ல?

ரொபாபே: 'தப்பு இல்ல'ன்னானாம். 'சாராவோட பிள்ளைதான். போற வழியில, அப்பா, நெருப்பு இருக்கு, விறகு இருக்கு, ஆடு எங்கன்னு கேட்டான்'னானாம்.

கோஹர்: அல்லாவே.

ரொபாபே: அந்த வார்த்தைய இப்ப சொல்லி என்ன பண்ண?

கோஹர்: யாராவது சொல்லிக் குடுத்திருப்பாங்க. தெருவுல... யாத்ரீகருங்க வர்றாங்க, போறாங்க...

ரொபாபே: முல்லாவும் அதையேதான் கேட்டாரு. 'யாரு சொல்லிக் குடுத்தா?'

கோஹர்: என்ன சொன்னான்?

ரொபாபே: ஒண்ணும் சொல்லல. ஆறு அடி, உள்ளங்கையில. ஒவ்வொரு அடிக்கும் ஒரு தடவை கேட்டாராம். அப்பவும் ஒண்ணும் சொல்லல. அந்த எண்ணெய் அதுக்குத்தான்.

கோஹர்: என்கிட்ட கையைக் காட்டவே இல்லையே... நேத்து ராத்திரி கரண்டிய இடது கையில பிடிச்சான். 'ஒழுங்கா சாப்பிடுடா'ன்னு நான் திட்டினேன்.

ரொபாபே: அழாத. அழறதுக்கு நேரம் இல்ல. பொழுது சாஞ்சு மக்ரிப் தொழுகை முடிஞ்சதும் முல்லா இங்க வர்றாரு.

கோஹர்: இன்னிக்கா?

ரொபாபே: இன்னிக்குத்தான்.

கோஹர்: உங்களுக்கு எப்படித் தெரியும்?

ரொபாபே: எங்க வீட்டுக்குத்தானே முதல்ல வந்தாரு. இப்பதான் போறாரு. என் வீட்டுக்காரர் மலக்கோட உள்ள தூங்கறாரு, வாசலுக்கு நான்தான் போனேன். கதவுக்குப் பின்னாடி நின்னு பேசினேன். 'பக்கத்து வீடு எப்படி? வெள்ளிக்கிழமை யாரு வர்றா, யாரு போறா? அந்தப் பையனுக்கு யாரு பாடம் சொல்றா?'ன்னு கேட்டாரு.

கோஹர்: நீங்க...

ரொபாபே: நான்தான்னு சொன்னேன்.

கோஹர்: என்னது?

ரொபாபே: அந்தக் கதைய நான்தான் சொன்னேன்னேன். எங்க அப்பா பள்ளிவாசல்ல கதை சொல்றவரு, அது ஊருக்கே தெரியும். அவர்கிட்ட ஒரு பழைய வேத விரிவுரைப் புத்தகம் இருந்துச்சு. பெரியவங்கள்ல சில பேரு அது இஸ்ஹாக்தான்னு சொன்னதாவும் அதுல எழுதியிருக்கு. பொய் இல்ல. முல்லாவுக்கும் தெரியும். அவரு செருப்பு தரையத் தேய்க்கறது கேட்டுச்சு.

கோஹர்: நம்பினாரா?

ரொபாபே: பாதி. 'பையனோட அம்மாவும் இதையே சொன்னா இதோட விட்டுடறேன்'னாரு.

கோஹர்: நீங்க அவனுக்கு ஒரு நாளும் கதை சொன்னதில்லையே.

ரொபாபே: இல்லதான்.

கோஹர்: பின்ன எதுக்குச் சொன்னீங்க?

ரொபாபே: வாயில வந்துடுச்சு.

கோஹர்: வாயில வந்துடற பேச்சா கானும் இது?

ரொபாபே: வந்துடுச்சுன்னா என்ன பண்றது? கேட்டுக்க. மூணு வாரத்துக்கு முந்தி, செவ்வாய்க்கிழமை. கூரையில கத்தரிக்கா காய வச்சுக்கிட்டிருந்தேன். உன் பையன் கைப்பிடிச் சுவர் தாண்டி வந்தான். கதை கேட்டான்.

கோஹர்: மூணு வாரத்துக்கு முந்தி ஒரே மழை.

ரொபாபே: ...அப்ப நாலு வாரம்.

கோஹர்: முல்லாகிட்ட மூணுன்னு சொன்னீங்களா, நாலுன்னு சொன்னீங்களா?

ரொபாபே: வாரம் எதுவும் சொல்லல. 'ஒரு நாள்'னேன். பாதி சொல்லும்போதே பாங்கு சொல்லிட்டாங்க, எழுந்துட்டேன், மத்தவங்க இஸ்மாயில்னு சொல்றதைச் சொல்லாம விட்டுட்டேன்னேன். அவ்வளவுதான். நீ அதையே சொன்னா போதும்.

கோஹர்: வேண்டாம். பிள்ளைக்கு ஜுரம், உளறியிருக்கான்னு நான் சொல்லிக்கறேன்.

ரொபாபே: விறகு, நெருப்பு, ஆடு எல்லாம் வரிசையா ஜுரத்துல வருமா?

கோஹர்: வரும்.

ரொபாபே: நீ அப்படிச் சொன்னா நான் பொய் சொன்னவளாவேன். முல்லாகிட்ட பொய். என் வீட்டுக்காரர் காதுக்குப் போகும். மலக்குக்குத்தான் கொண்டாட்டம்.

கோஹர்: நான் உங்க பேரைச் சொல்றேன்னு வைங்க. அப்புறம் முல்லா உங்ககிட்ட வந்து, புத்தகத்து மேல கை வச்சுச் சொல்லுன்னு கேக்கறாரு. நீங்க 'இல்ல'ன்னுட்டா?

ரொபாபே: அப்ப உன் கதை முடிஞ்சுது.

கோஹர்: என் கதை மட்டும் இல்ல.

ரொபாபே: ...என்னை நம்பல.

கோஹர்: யாரையும் நம்பறதில்ல கானும். எங்க... எங்க வீட்டுப் பழக்கம் அது.

ரொபாபே: பதினாறு வருஷமா பக்கத்து வீடு.

கோஹர்: அதனாலதான்.

ரொபாபே: நல்லாச் சொன்ன. ...பொறு, வாசல்ல யாரோ இருக்கற மாதிரி இருக்கு. ஜாஃபரா இருந்தாலும் இருக்கும். பாத்துட்டு வரேன். நீ அந்த நிழலப் பாத்துக்கிட்டிரு.

*

தாவூஸ்: அம்மா.

கோஹர்: உன்னை யாருடி மேல வரச் சொன்னது!

தாவூஸ்: பொழுது போகுதும்மா. விளக்கு...

கோஹர்: தெரியும். கீழ போ.

தாவூஸ்: கேட்டுச்சும்மா. எல்லாமே கேட்டுச்சு. ...மலைக்கதைய நான்தான் சொன்னேன். போன வாரம் ஹபீப் தூங்காம அழுதான். நீ பாப்பாவப் பாத்துக்கிட்டிருந்த. எனக்கு வேற கதை ஞாபகம் வரல.

கோஹர்: தெரியும்.

தாவூஸ்: எப்படி?

கோஹர்: கீழ 'சும்மா'ன்னு சொன்னியே, அப்பவே.

தாவூஸ்: திட்டு.

கோஹர்: அப்புறமாத் திட்டறேன். தம்பி கை எப்படி இருக்கு?

தாவூஸ்: வீங்கியிருக்கு. ஆறு அடிக்கும் என் பேரைச் சொல்லலம்மா...

கோஹர்: அழாத. இந்த எண்ணெயத் தடவு. போ.

தாவூஸ்: அம்மா, இன்னொண்ணு. இன்னிக்கு சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்ல.

கோஹர்: எந்தச் சத்தம்?

தாவூஸ்: ஜாடிச் சத்தம். நீ பாடம் ஆரம்பிச்சா அந்தப் பக்கம் ஒரு ஜாடி நகரும். அப்புறம் கம்முனு இருக்கும். நீ முடிச்சதும் திரும்ப நகரும். இன்னிக்கு ஒண்ணும் கேக்கல.

கோஹர்: ...எத்தனை நாளா கேக்குது?

தாவூஸ்: எனக்கு நினைவு தெரிஞ்சதிலேருந்து. எலின்னு நினைச்சேன்.

கோஹர்: எலி ஜாடிய நகத்துமாடி? நினைவு தெரிஞ்சதிலேருந்து கேக்குதுங்கற, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே!

தாவூஸ்: அந்தப் பக்கம் யாரு வீடும்மா?

கோஹர்: கீழ போ. வர்றாங்க. போன்னு சொல்றேன்ல!

*

ரொபாபே: நினைச்சேன். ஜாஃபர்தான். உன் வாசல்ல பம்பரம் விடறான். பம்பரம் சுத்துதோ இல்லையோ, காது மட்டும் உன் கதவு மேலயே இருக்கு. காதைத் திருகித் தெருமுனைக்கு அனுப்பிட்டேன்.

கோஹர்: கானும், ஒண்ணு கேக்கணும்.

ரொபாபே: கேளு.

கோஹர்: உங்க ஊறுகாய் அறை எந்தப் பக்கம் இருக்கு? எங்க நிலவறையை ஒட்டியா?

ரொபாபே: டீ ஆறிப்போச்சு.

கோஹர்: கானும்.

ரொபாபே: ஒட்டித்தான். உங்க நிலவறைச் சுவரும் எங்க ஊறுகாய் அறைச் சுவரும் ஒண்ணுதான். கீழ்வரிசையில ஒரு செங்கல் பேந்து போச்சு. அது ஆச்சு... பதினோரு வருஷம். அங்க ஒரு ஜாடிய வச்சு மறைச்சிருக்கேன்.

கோஹர்: வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை அந்த ஜாடிய நகத்துவீங்க.

ரொபாபே: ஊறுகாய் போடுவேன்.

கோஹர்: என்ன கேட்டீங்க?

ரொபாபே: நீ பிள்ளைங்களுக்குக் கதை சொல்ற குரலைக் கேட்டேன். முதல்ல என்னவோன்னு நினைச்சேன். அப்புறம் வாரம் ஒண்ணா வந்துச்சு. வெள்ளத்துல மிதந்த பேழை, கோபுரம், மலை, கிணறு... வருஷம் சுத்தி வந்ததும் திரும்ப முதல்லேருந்து. நாலாவது வருஷத்துல அடுத்த வாரம் என்னன்னு நானே சொல்லிடுவேன்.

கோஹர்: எல்லாம் நபிமார் கதைங்கதான்.

ரொபாபே: சரி.

கோஹர்: ஓதப்பள்ளியில சொல்றதுதான்.

ரொபாபே: சரின்னுதானே சொல்றேன்.

கோஹர்: யாருகிட்டயாவது...

ரொபாபே: யாருகிட்ட சொல்வேன், மலக்குகிட்டயா? சொல்லணும்னா பதினோரு வருஷம் எதுக்கு? போன வசந்தத்துல நீங்க புளிப்பில்லாத அந்தத் தட்டை ரொட்டி சுட்ட ராத்திரிக்கு முந்தி, உன் ஹபீபுக்குக் கேள்வி கேக்கச் சொல்லிக் குடுத்தியே. 'மத்த ராத்திரிய விட இந்த ராத்திரி ஏன் வேற மாதிரி?' ரெண்டாவது கேள்வியில மறந்து போயிட்டான். நீ காத்துக்கிட்டிருந்த. நான் சுவருக்கு அந்தப் பக்கம் நகத்தைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். எனக்குத் தெரியும், எடுத்துக் குடுக்க முடியல. மறுநாள்தான் பச்சைத் தக்காளி ஊறுகாய் கொண்டு வந்தேன். ஞாபகம் இருக்கா?

கோஹர்: 'பரீட்சையில யாராவது தேறிட்டாங்களா'ன்னு கேட்டுச் சிரிச்சீங்க. எனக்குப் புரியல.

ரொபாபே: புரியக் கூடாதுன்னுதான் சிரிச்சேன்.

கோஹர்: உங்களுக்கு என்ன வேணும்? நேராச் சொல்லிடுங்க. பணமா? இந்த வீடா? என்ன?

ரொபாபே: அப்படியெல்லாம் பேசாத. கேக்க அசிங்கமா இருக்கு.

கோஹர்: அப்ப என்ன?

ரொபாபே: முல்லா வந்துட்டுப் போனதும் நீ பாடத்தை வேற வீட்டுக்கு மாத்திடுவ.

கோஹர்: எந்தப் பாடத்தை?

ரொபாபே: மாத்தித்தான் ஆகணும். நானா இருந்தாலும் மாத்துவேன். அதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். இன்னும் மூணு வாரத்துல வர வேண்டிய கதை.

கோஹர்: எனக்கு ஒரு கதையும் தெரியாது.

ரொபாபே: சரி. தெரியாதவகிட்டயே கேக்கறேன். யஃகூப் ஏழு வருஷம் ஆடு மேய்க்கறாரு, ராகேலுக்காக. கல்யாணத்தன்னிக்கு முக்காட்டுக்குள்ள வேற பொண்ணு. விடிஞ்சு பாத்தா அக்கா. லேயா. பிள்ளைங்க அங்க சிரிக்கும். வருஷா வருஷம் சிரிக்கும். நீயும் வருஷா வருஷம் அதே இடத்துல நிறுத்திடுவ. 'மிச்சம் பெரியவங்க கதை'ம்ப. நேரா பன்னெண்டு பிள்ளைங்க பேருக்குப் போயிடுவ. ராகேல் வழியில செத்ததைச் சொல்வ, பிள்ளைங்க அழும். லேயா என்ன ஆனா? பதினோரு வருஷமாக் காத்துக்கிட்டிருக்கேன், ஒரு வருஷமாவது சொல்லிடுவியான்னு.

கோஹர்: யாருன்னே எனக்குத் தெரியாது கானும்.

ரொபாபே: அவரு அவளை எப்பவாவது திரும்பிப் பாத்தாரா? இல்ல, கடைசி வரைக்கும் அவ அப்படியேதான் இருந்தாளா? பிள்ளை பெத்துக் குடுத்துட்டு... ஒரு மூலையில...

கோஹர்: தெரியாதுன்னு சொல்றேன்ல! எந்த லேயா? எங்களுக்கு எந்த லேயாவையும் தெரியாது!

ரொபாபே: கத்தாத. தெருவுக்குக் கேக்கும். ...சரி ஜான். தெரியாது. கேட்டது என் தப்பு. பதில் சொன்னா நீ யாருன்னு உன் வாயாலயே சொன்ன மாதிரி ஆகும். கேக்கறதுக்கு முன்னாடியே எனக்கு அது தெரியும், இருந்தும் கேட்டுட்டேன். முல்லா வந்தா உன் இஷ்டம் போலச் சொல்லு. ஜுரம்னே சொல்லு. நான் பொய் சொன்னவளா இருந்துட்டுப் போறேன். மூத்தவ பேச்சை எங்க வீட்ல யாரு மதிக்கறா?

கோஹர்: எங்க எழுந்துட்டீங்க?

ரொபாபே: வாசப்படிக்கு. நிழல் சுவர் உச்சிக்குப் போயிடுச்சு பாரு. கவுத்து வச்ச பானைக்குள்ள ஒண்ணு ஏத்துவியே, அதை ஏத்து. நான் வெளிய உக்காந்திருக்கேன். யாராவது வந்தா சத்தமா இருமறேன்.

கோஹர்: ...தாவூஸ்!

தாவூஸ்: அம்மா?

கோஹர்: அடுப்புலேருந்து ஒரு கங்கு கொண்டா. எண்ணெயும் திரியும்.

தாவூஸ்: அம்மா... கானும் இங்க இருக்காங்க.

கோஹர்: தெரியும். கொண்டா.

ரொபாபே: நான் அந்தப் பக்கம் திரும்பிக்கறேன்.

கோஹர்: வேண்டாம். வந்து உக்காருங்க.

தாவூஸ்: இந்தாம்மா. பானைய எடுக்கட்டுமா?

கோஹர்: எடு. தம்பியை மேல கூட்டிட்டு வா. பாடத்துக்கு வந்த மத்த வீட்டுப் பிள்ளைங்களை ஒவ்வொண்ணா பின்வாசல் வழியா அனுப்பு. முல்லா வந்தா நம்ம வீட்ல ஹபீபும் நீயும் பாப்பாவும் மட்டும்தான். ஹபீப் கூரையில கதை கேட்டான். ரொபாபே கானும்கிட்ட.

தாவூஸ்: எந்த நாளு?

கோஹர்: ஒரு நாளு. கத்தரிக்கா காய வச்ச நாளு. பாதியில பாங்கு சொல்லிட்டாங்க.

ரொபாபே: ...திரி பிடிக்கல.

கோஹர்: பிடிச்சிடுச்சு. ஒரு நிமிஷம்... கண்ணை மூடிக்கணும்.

ரொபாபே: மூடிக்க. நான் பேசல.

கோஹர்: ...கானும்.

ரொபாபே: என்ன ஜான்?

கோஹர்: யாக்கோபு சாகற நேரத்துல பிள்ளைங்க எல்லாரையும் கூப்பிட்டாரு. 'என்னை இந்த ஊர்ல புதைக்காதீங்க, குகைக்குக் கொண்டு போங்க. எங்க அப்பா அம்மா அங்க இருக்காங்க. லேயாவை நான் அங்கதான் வச்சேன்'னாரு. ராகேல் வழியோரத்துலயே தங்கிட்டா. அவரைத் தூக்கிட்டு அவ்வளவு தூரம் நடந்து, லேயா இருக்கற இடத்துலதான் கொண்டு போய் வச்சாங்க. இன்னிக்கும் அங்கதான் இருக்காரு, அவ பக்கத்துல.